படுக்கை ஆறு, இருக்கைப் பட்டை ஐந்து

அமெரிக்காவில் வசிக்கும் என் மகளும் மருமகனும் சென்ற கோடையில் 'மோட்டார் ஹோம்' எனப்படும் வீட்டு வாகனம் ஒன்றை வாங்க விரும்பினர். பேரக்குழந்தைகள் இருவரோடு என்னையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர வேண்டும் என்பது அவர்களது கனவு. விற்பனை நிலையத்துக்கு நானும் சென்றிருந்தேன்.

ஆறு பேர் உறங்கக்கூடிய வாகனம் அது. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் விரிகிறது. அனைவரும் மயங்கிப்போனோம். விலை பேசும் நேரத்தில்தான் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த மஞ்சள் நிற அறிவிப்பு என் கண்ணில் பட்டது. பயணிகளும் பொருள்களும் சேர்ந்து 520 கிலோவைத் தாண்டக் கூடாது. இருக்கைப் பட்டை உள்ள இருக்கைகள் ஐந்து என்றது அது.

கணக்கிட்டுப் பார்த்தேன். பெரியவர்கள் நால்வர் 280 கிலோ. குழந்தைகள் இருவர் 60 கிலோ. தொட்டி நிறைய 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. மீதி 30 கிலோ. உணவு, உடை, பாத்திரம், படுக்கை விரிப்பு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கினாலும், ஒருவர் பட்டையின்றியே பயணிக்க வேண்டும்.

இதன் காரணம் எளிது. இவ்வாகனங்களில் பெரும்பாலும் 'சேஸிஸ்' எனும் அடிச்சட்டகத்தைச் செய்வது ஒரு நிறுவனம். அதன்மீது வீட்டை அமைப்பது வேறொரு நிறுவனம். நடுத்தர வகை வாகனங்கள் பலவற்றுக்கு அடித்தளமான ஃபோர்டு இ-450 சேஸிஸின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,577 கிலோ. அலமாரியோ நகரும் சுவரோ கூடும்போதெல்லாம், நாம் ஏற்றக்கூடிய எடை குறைகிறது. வரம்பை மீறினால் டயர் சூடேறி வெடிக்கலாம். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஓடும்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு பிறழ்கிறது என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கியவர் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அதற்காக 2001-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அந்த அறியாமையைப் போக்கத்தான் மஞ்சள் அறிவிப்பை அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால், படிக்கப்படாத அறிவிப்பு யாரையும் காப்பதில்லை.

ஆகவே, தேர்வின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் எத்தனை பேர், எவ்வளவு சுமை என்று கணக்கிட வேண்டும். அடுத்து அதைத் தாங்கும் சேஸிஸ். அதன் பிறகே அறை அமைப்பு. நகரும் சுவரை உள்ளிழுத்த நிலையிலும் கழிப்பறைக்குச் செல்ல முடிகிறதா, உணவு மேசையை இரவுதோறும் படுக்கையாக மாற்ற வேண்டியுள்ளதா என்று உள்ளே நடந்தும் படுத்தும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி போன்ற வசதிகள் கடைசியில்தான்.

என் பிள்ளைகள் அந்த வாகனத்தை வாங்கவில்லை. பத்து நாளுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். மருமகன் அதை ஓட்ட, மகள் ஓட்டிய காரில் நாங்கள் பின்தொடர்ந்தோம். கனவு தள்ளிப்போயிருக்கிறதே தவிர, கலைந்துவிடவில்லை. ஆறு பேரும் பட்டை அணிந்தே பயணித்தோம்.