வீட்டுக் கொல்லையிலேயே மக்கு உரம்: கடன் இல்லாமல் தொடங்குவது எப்படி?



போன மாதம் ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன் வசூல் எல்லாம் முடிந்த பிறகு ஊக்குநர் தீர்மான நோட்டைத் திறந்தார். "அடுத்த வங்கிக் கடன்ல மண்புழு உரக் கொட்டகை போடலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் எங்கள் முகத்தையே பார்த்தார்கள். 'நல்லது, செய்யுங்க' என்று எங்களால் உடனே சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு வேறொரு குழுவுக்கு இதே தொழிலை நாங்கள்தான் எடுத்துச் சொன்னோம். அவர்களும் பன்னிரண்டு பேர். 60,000 ரூபாய் கடன் வாங்கித் தொட்டி கட்டினார்கள், கீற்றுக் கொட்டகை போட்டார்கள், மண்புழு வாங்கினார்கள். தொட்டி நிறையப் பச்சைச் சாணத்தைக் கொட்டி, அன்றைக்கே புழுவையும் விட்டார்கள். பச்சைச் சாணம் சூடேறும், அந்தச் சூட்டில் புழு நிற்காது என்பதை நாங்கள் அழுத்திச் சொல்லவில்லை. நாலே நாளில் பாதிப் புழு செத்துப்போனது. மீதியை எறும்பு தின்றது. தலைக்கு 5,000 ரூபாய். களையெடுத்த கூலியில் அதைக் கட்டி முடித்தார்கள். அந்தத் தப்பு அவர்கள் மேல் இல்லை. பாதியைச் சொல்லி மீதியை விட்ட எங்கள் மேல்தான்.

அதனால் ஆலங்குடிப் பக்கத்துச் சகோதரிகளிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "முதலில் ஆளுக்கு ஒரு குவியல் போடுங்க. காசு வேண்டாம், புழு வேண்டாம். குப்பை எப்படி மக்குதுன்னு கை பழகட்டும். கடனைப் பத்தி அப்புறம் பேசலாம்." அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விவரமாக எழுதுகிறோம்.

நம்ம வீட்டில் குப்பை ஏது?

ஒரு அக்கா இப்படித்தான் கேட்டார்: "காய்த்தோலு ஆட்டுக்குப் போயிடுது, கழுநீர் மாட்டுக்குப் போயிடுது. மக்க வைக்க எங்ககிட்ட என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. ஆடு மாடு தின்பதை அவற்றுக்கே போடுங்கள். அது சாணமாகவும் புழுக்கையாகவும் திரும்பி வரும். காலையில் வாசல் கூட்டி மூலையில் குவித்துத் தீ வைக்கிறோமே, அந்த வேப்பிலை, புங்க இலை, பலா இலைதான் நம்முடைய முதல் சரக்கு. கடலை உடைத்த தோல், மாடு கழித்த வைக்கோல், பூச்சரம், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் அதோடு சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களின் தழை மலை மாதிரி கிடந்தது. அதில் எவ்வளவோ எங்கள் கண் முன்னாலேயே தீயில் போனது. எரித்தால் கிடைப்பது ஒரு கூடை சாம்பலும் வீடு நிறையப் புகையும்தான்.

குப்பைமேடு இருக்கிறதே, அது போதாதா?

வீட்டுக்கு வீடு குப்பைமேடு இருக்கிறது. ஆனால் அது வெயிலில் காய்கிறது, மழையில் கரைகிறது. சாணத்தில் உள்ள தழைச்சத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போகிறது, ஒரு பங்கு மழைத்தண்ணீரோடு போகிறது. வருடக் கடைசியில் வண்டியில் ஏற்றும்போது சத்துக் குறைந்த சக்கைதான் மிஞ்சுகிறது.

இன்னொரு விஷயம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு. குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இந்தக் கிளறாத குப்பைமேட்டில்தான். கிளறும்போது வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுக்கள் அதன் குஞ்சுகள். பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

சோறும் பருப்பும் மாதிரி

குப்பையை மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் நம்மைப் போலவே சாப்பாடு, தண்ணீர், காற்று மூன்றும் வேண்டும்.

காய்ந்த இலை, வைக்கோல், கடலைத்தோல் இவை சோறு மாதிரி. உழைக்கத் தெம்பு தரும் கரிச்சத்து இதில் இருக்கிறது. பச்சைத் தழை, காய்த்தோல், சாணம் இவை பருப்பு மாதிரி. உடம்பு வளர்க்கும் தழைச்சத்து இதில் இருக்கிறது. கரிச்சத்து 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு இருந்தால் நன்றாக மக்கும் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. நமக்குக் கூடைக் கணக்கு போதும்: காய்ந்தது மூன்று கூடை, பச்சை ஒரு கூடை.

வெறும் பருப்பாகப் போட்டால் நாறும். வெறும் சோறாகப் போட்டால் ஆறு மாதமானாலும் அப்படியே கிடக்கும். குவியல் சரியில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வேளாண் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள இந்தூரில் இருந்து செய்து பார்த்து எழுதிய அடுக்கு முறை 'இந்தூர் முறை' என்றே உலகம் முழுக்கப் பெயர் பெற்றது.

குவியல் போடும் முறை

1. மர நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டு இடமாகப் பாருங்கள். கிணறு, அடிபம்பிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

2. மூன்றடி நீளம், மூன்றடி அகலம் அளந்து கோடு போடுங்கள். கோடையில் இரண்டடிக் குழி எடுத்துப் போடலாம், ஈரம் காக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி குளமாகிவிடும். அப்போது தரைக்கு மேலேயே குவியுங்கள்.

3. அடியில் சுள்ளி, சோளத்தட்டை, மட்டைத் துண்டு அரை அடிக்குப் பரப்புங்கள். காற்று உள்ளே போக இதுதான் வழி.

4. அதன் மேல் காய்ந்த இலை அரை அடி. அதன் மேல் பச்சைக் கழிவு நாலு விரல் உயரம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள். மேலே ஒரு கைப்பிடி மண் தூவுங்கள்.

5. இதே அடுக்கை மூன்றடி உயரம் வரை திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் பரவாயில்லை. காய்ந்த இலையை ஒரு சாக்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, பச்சை போடும் போதெல்லாம் அதன் மேல் மூடி வாருங்கள்.

6. கடைசியில் காய்ந்த இலை போட்டுக் கீற்றாலோ சாக்காலோ மூடுங்கள்.

மூன்று நாலு நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நன்றாகப் போட்ட குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். களை விதையும் பல நோய்க் கிருமிகளும் அந்தச் சூட்டில் செத்துவிடும். சூட்டைப் பிடித்து வைக்கத்தான் மூன்றடி அளவு சொல்கிறோம்.

15 நாளைக்கு ஒருமுறை வெளியில் இருப்பது உள்ளே போகும்படி கிளறிப் போடுங்கள். இது கனமான வேலை. வீட்டு ஆண்களையும் மண்வெட்டியோடு கூப்பிடுங்கள். உரம் குடும்பத்துக்குத்தானே!

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு

தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் பழைய பிளாஸ்டிக் டிரம் அல்லது பெயிண்ட் வாளியில் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, செங்கல் மேல் வைத்து இதே அடுக்கைப் போடலாம். சூடு அதிகம் ஏறாது, நாளும் கொஞ்சம் கூடும். ஆனாலும் மக்கும்.

இவற்றைப் போடாதீர்கள்

* பிளாஸ்டிக், ஷாம்பு பாக்கெட், பேட்டரி, மாத்திரை அட்டை, நாப்கின், டயப்பர். மக்காத குப்பையைத் தனியாக வைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள்.
* மீன், கறி, எலும்பு, எண்ணெய்ப் பண்டம். நாயும் எலியும் வந்து கிளறும்.
* நாய், பூனைக் கழிவு. நோய்க் கிருமி இருக்கும்.
* பூத்து விதை பிடித்த பார்த்தீனியம், கோரைக் கிழங்கு, நோய் விழுந்த செடி.
* தைல இலை, முந்திரி இலை மக்க நாளாகும். கொஞ்சமாக, நொறுக்கிப் போடுங்கள்.

வரும் சிக்கல்களும் வழிகளும்

நாற்றம் வந்தால்: ஈரமும் பச்சையும் கூடிவிட்டது. கிளறி, காய்ந்த இலை சேருங்கள்.

மக்காமல் கிடந்தால்: சாணக் கரைசல் தெளித்துக் கிளறுங்கள்.

எறும்பு ஏறினால்: குவியல் காய்ந்துவிட்டது. தண்ணீர் காட்டுங்கள்.

ஈ மொய்த்தால்: மேலே பச்சை தெரிகிறது. இலை போட்டு மூடுங்கள்.

பூரான், தேள், பாம்பு பயம் இருந்தால்: பயம் நியாயமானதுதான். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் மண்வெட்டியால் கிளறுங்கள். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுவது நெஞ்சுக்கு நல்லது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

எப்போது தயார்? எவ்வளவு போடலாம்?

சுமார் மூன்று மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நிறம் கரும்பழுப்பாக இருக்கும். எது வேப்பிலை, எது வைக்கோல் என்று தெரியாது. சூடு இருக்காது. மழை விழுந்த மண் மாதிரி வாசம் வரும். அதுதான் பக்குவம். மண் சலிக்கும் சல்லடையில் சலித்து, கப்பியை அடுத்த குவியலில் போடுங்கள். அரைகுறையாக மக்கியதைச் செடிக்குப் போட்டால் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். அவசரப்படாதீர்கள்.

கத்தரி, மிளகாய், வெண்டைக்குச் செடிக்கு இரண்டு கைப்பிடி போட்டு மண் அணையுங்கள். தொட்டிச் செடிக்கு இரண்டு பங்கு மண்ணோடு ஒரு பங்கு உரம் கலக்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து இருக்கிறது. 100 கிலோ மக்கு உரத்தில் இருப்பது ஏறத்தாழ அரை கிலோ முதல் ஒரு கிலோ வரைதான். வயலுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடச் சொல்கிறார்கள். ஆகவே வீட்டுக் குவியலை நம்பி நெல் வயலுக்கு உரமே வாங்காமல் இருந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அது தாராளம். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம்ம புதுக்கோட்டைச் செம்மண்ணுக்கும் வானம் பார்த்த பூமிக்கும் அந்த ஈரம் பெரிய விஷயம்.

மண்புழு உரம் எப்போது?

இரண்டு குவியல் ஒழுங்காக எடுத்த பிறகு யோசிக்கலாம். 15, 20 நாள் மக்கி, சூடு முழுக்கத் தணிந்த சரக்கில்தான் புழுவை விட வேண்டும். கையை வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும். நிழலும் ஈரமும் குறையக்கூடாது. எறும்பு வராமல் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் சிறு வாய்க்கால் வேண்டும். ஏற்கெனவே நன்றாகச் செய்கிறவர்களிடம் ஒரு சட்டி புழு கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பு குழுவில் மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் சாணம் எங்கிருந்து வரும்? உரத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? கோடையில் தண்ணீர் யார் ஊற்றுவது? மூன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் வந்தால் தாராளமாகத் தொழில் தொடங்கலாம்.

ஆலங்குடிப் பக்கத்துக் குழு அன்றைக்கு அந்தத் தீர்மானத்தைத் தள்ளி வைத்தது. அதற்குப் பதிலாக, 'உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு குவியல் போடுவது. மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி உரம் கொண்டுவருவது' என்று எழுதிப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் கேள்வி கேட்ட அக்கா மறுநாளே வாசல் குப்பைக்குத் தீ வைக்காமல் சாக்கில் அள்ளி வைத்ததாகத் தகவல் வந்தது.

உங்கள் குழுவிலும் இதே தீர்மானத்தைப் போடலாம். சந்தேகம் வந்தால் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது கேளுங்கள். குவியல் சரியாக வராவிட்டாலும் அதில் ஒரு பிடி எடுத்து வைத்திருங்கள். எங்கே பிசகியது என்று சேர்ந்தே பார்ப்போம்.