காணி திரும்பாத அமைதி

கீரமங்கலம் தேநீர்க் கடை ஒன்றில் அண்மையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "இலங்கையில் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே, தோப்புக்கொல்லை முகாமில் இருப்பவர்கள் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை?" அதில் குறை சொல்லும் தொனி இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேனாவிளக்கு என நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அம்மக்களோடு அன்றாடம் பழகும் நமக்கே விடை தெளிவாக இல்லை என்பதால் இதை விளக்க முற்படுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியின் தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்தது. புதிய தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தும் நாம் மீண்டும் நட்டோம். மரம் போனாலும் நிலம் நம் கையில் இருந்தது; பட்டா நம் பெயரில் இருந்தது; குறைவாகவேனும் நிவாரணமும் கடனும் கிடைத்தன. போரில் அனைத்தையும் இழந்த குடும்பம் மீள்வதற்கும் இதே மூன்று தேவை: நிலம், ஆவணம், முதல் விளைச்சல் வரை தாங்கும் பணம். இலங்கையின் வடக்கில் இம்மூன்றுமே சிக்கலில் உள்ளன.

முதலாவது நிலம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வெளியேற்றப்பட்டு, அவர்களின் வீடும் வயலும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைக்கப்பட்டன. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் அந்நிலம் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வருகிறது. இறுதிப் போரில் தப்பியவர்களை அடைத்துவைத்த வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து கடைசியாக வெளியேறிய முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குப் போக முடியவில்லை. அங்கே இராணுவ முகாம் இருந்ததால் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். 'மீள்குடியேற்றம் நிறைவு' என்ற அரசின் அறிவிப்புக்குள் இத்தகைய கதைகள் மறைந்துள்ளன.

இரண்டாவது ஆவணம். நாம் கிரயப் பத்திரம் என்பதை இலங்கைத் தமிழர் 'உறுதி' என்பர். நிலத்தைக் 'காணி' என்பர். முகாமில் முதியவர் ஒருவர் பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் காட்டினார். "உறுதி கிடக்கு ஐயா, காணிக்குள்ளதான் போகேலாது" என்றார். அவரிடம் தாளாவது இருக்கிறது. பலருடைய தாள்கள் குண்டுவீச்சில் எரிந்தன, கடலில் போயின. வன்னியில் பலர் அரசு அனுமதிப் பத்திரத்தின் பேரில் குடியேறியவர்கள். அந்தப் பத்திரம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். கணவர் காணாமலாக்கப்பட்டிருந்தால், உரிமையை மாற்ற மனைவியிடம் மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டது. அதை வாங்கினால் அவரைத் தேடும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அந்தப் பெண்கள் அஞ்சினர். 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்ற மாற்று வழி 2016-இல்தான் சட்டமாயிற்று.

2025 மார்ச் 28 அன்று இலங்கை அரசு வெளியிட்ட அறிவிப்பு இச்சிக்கலை வெளிச்சமிட்டது. வடக்கில் 5,940 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரசு நிலமாகும் என்றது அவ்வறிவிப்பு. எதிர்ப்பு எழுந்தது, ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, அரசும் பின்வாங்கியது. ஆனால் தடை வந்திராவிட்டால், நம் தோப்புக்கொல்லையில் இருக்கும் ஒருவர் அந்த மூன்று மாதங்களுக்குள் எந்த ஆவணத்துடன் எந்த அலுவலகத்துக்குப் போயிருக்க முடியும்?

மூன்றாவது பணம். போருக்குப் பின் வடக்கில் சாலைகள் வந்தன, ரயில் வந்தது, வேலை வரவில்லை. அந்த இடைவெளியை நுண்கடன் நிறுவனங்கள் நிரப்பின. வாரத் தவணை கட்ட இன்னொரு கடன் என்று பெண்கள் சுழலில் சிக்கினர். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு 2018-இல் ஒரு பகுதிக் கடனை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு இது இரண்டாவது போர்.

இவற்றைக் கேட்டுத் தீர்க்க வேண்டிய அமைப்பு மாகாண சபை. 13-ஆவது திருத்தம் காணி அதிகாரத்தை அதற்கு ஏட்டளவில் வழங்கியது. கொழும்பு அதைக் கையளிக்கவே இல்லை. 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின் தேர்தலும் நடத்தப்படவில்லை. 2024 நவம்பரில் 225 இடங்களில் 159-ஐப் பெற்று, யாழ்ப்பாணத்திலும் முதலிடம் பிடித்த கட்சியின் ஆட்சிக்கு இத்தேர்தலை நடத்தும் பலம் உண்டு. இல்லாதது பலமா, மனமா என்பதே வடக்கு மக்களின் கேள்வி.

நம் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளின் இழுவலையால் வடக்கு மீனவரின் வலையும் கடல்வளமும் அழிகின்றன என்ற முறையீட்டில் நியாயம் இருக்கிறது. காணி இழந்தவருக்குக் கடலும் இல்லாமற் போகக் கூடாது.

செய்யக்கூடியதும் உண்டு. முகாம்களில் உள்ள குடும்பங்களின் காணி விவரங்களையும், எஞ்சிய உறுதிகளின் நகல்களையும் தமிழக அரசு வழக்கறிஞர்களைக் கொண்டு திரட்டிப் பதிவேடாக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய உதவலாம். திரும்பிப் போக விரும்புவோருக்கு அவை கைகொடுக்கும். இங்கேயே வாழ விரும்புவோருக்கு, 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மறுத்த வழியை மத்திய அரசு திறக்க வேண்டும்.

நண்பருக்கு என் விடை இதுதான்: அவர்கள் திரும்ப மறுக்கவில்லை. திரும்பிச் சென்று நிற்க ஓர் இடம் வேண்டும். அது பலருக்கு இன்னும் வேலிக்கு அப்பால் இருக்கிறது.