பிரிந்த பெற்றோரும் பிள்ளைப் பொறுப்பும்

கணவனும் மனைவியும் மணநீக்கம் பெறுங்கால் நிலத்தையும் வீட்டையும் பணத்தையும் நீதிமன்று பங்கிட்டுக் கொடுத்தல் கூடும். பங்கீடு முடிந்தபின் அவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே காலங் கழிக்கலாம். பிள்ளையுள்ள இடத்து இஃது இயலாது. எப்பள்ளிக்கு அனுப்புவது, நோயுற்றால் எம்மருத்துவரிடம் காட்டுவது, விடுமுறையை யாரிடத்துக் கழிப்பது என்னும் வினாக்கள் பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை எழுந்துகொண்டேயிருக்கும். இவற்றைப் பிரிந்த இருவருங் கூடி முடிவு செய்யவேண்டுமா, ஒருவரிடமே விட்டுவிடவேண்டுமா என்பது பல நாடுகளின் குடும்பச் சட்டத்தையும் அலைக்கழித்து வரும் வினாவாகும். அவுஸ்திரேலியா இதற்கு ஒரு விடையைச் சட்டமாக்கி, ஏறக்குறையப் பதினெட்டாண்டுகள் நடத்திப் பார்த்துப் பின் அதன் முதன்மையான பகுதியை நீக்கிவிட்டது. அவ்வரலாறு நாம் ஆராயத்தக்கது.

அவுஸ்திரேலியச் சட்டத்தின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் உள்ளது. அப்பழைய சட்டத்தின்படி பிள்ளை தந்தைக்கே உரியது. தாய்க்கு உரிமை யாதும் இல்லை. கரோலின் நோர்ட்டன் என்னும் எழுத்தாளர் 1836இல் கணவனைப் பிரிந்தபோது அவருடைய மூன்று ஆண்மக்களும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டனர். அவர் எழுதிய கண்டன வெளியீடுகளின் பயனாக 1839இல் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்திருக்குமாறு தாய்மார் நீதிமன்றை வேண்ட அச்சட்டம் இடமளித்தது. 1925இல் பிள்ளையின் நலனே முதலாவதும் தலையாயதுமான அளவுகோல் எனப் பிறிதொரு சட்டம் விதித்தது. நலன் என்னும் அளவுகோல் வந்தபின் தராசு மறுபுறம் சாய்ந்தது. இளம் பிள்ளைகள் பெரும்பாலும் தாயிடமே விடப்பட்டனர். தந்தையர் குறித்த நாள்களிற் சென்று பார்த்துவரும் விருந்தினராயினர். கட்டுக்காவல் ஒருவருக்கு, பார்வையிடும் உரிமை மற்றவருக்கு என்னும் இம்முறை பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகள் பலவற்றிலும் பரவியது.

சட்டமா அதிபராயிருந்த லயனல் மேர்பி கொண்டுவந்த 1975ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியக் குடும்பச் சட்டம், குற்றம் நிறுவாமலே மணநீக்கம் பெற வழிசெய்தது. பன்னிரண்டு மாதங்கள் பிரிந்து வாழ்ந்திருத்தல் போதும். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டுக்காவல் என்னும் சொல்லையே அகற்றி, வதிவு, தொடர்பு என்னும் சொற்களை அதனிடத்து வைத்தது. சொல் மாறியதேயன்றி வழக்கம் பெரிதும் மாறவில்லை. இரு வாரத்துக்கொரு முறை வார இறுதியில் மட்டுமே தம் மக்களைக் காண முடிகின்றதெனத் தந்தையர் சங்கங்கள் முறையிட்டு வந்தன. 2003இல் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று, பிள்ளையின் நாள்களை இருவருக்கும் சமமாகப் பங்கிடுவதைச் சட்டத்தின் தொடக்கநிலை ஊகமாகக் கொள்ளலாமா என ஆராய்ந்து, அதனை ஏற்க மறுத்தது. பொறுப்பைச் சமமாகப் பகிரலாம், நாள்களை அவ்வாறு பகிர்தல் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது என்பதே அக்குழுவின் முடிபு.

அதனை அடியொற்றியெழுந்த 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சமமாகப் பகிரப்பட்ட பெற்றோர் பொறுப்பு பிள்ளையின் நலனுக்கு உகந்ததென நீதிமன்று ஊகிக்கவேண்டுமென்றது. குடும்ப வன்முறையோ பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையோ உண்டெனக் கருத நியாயமிருப்பின் அவ்வூகம் பொருந்தாது. பொறுப்புச் சமமெனக் கட்டளையிடும் நீதிபதி, சமமான காலத்தையும், அது தகாவிடின் கணிசமான காலத்தையும் பற்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிந்தோர் வழக்காடுமுன் கூடிப் பேசுதற்கென நாடெங்கும் 65 குடும்ப உறவு நிலையங்களும் நிறுவப்பட்டன. என் கருத்தில், அச்சீர்திருத்தத்தின் மிகச் சிறந்த பகுதி இந்நிலையங்களே. ஏனெனில் பிரிந்த பெற்றோருட் பெரும்பாலார் நீதிபதியின் முன் நிற்காமலே தம்முள் இணங்கி விடுகின்றனர். சட்டம் அவர்களுக்குப் பயன்படுவது அவர்கள் பேசும் மேசையிலேயாம்.

அம்மேசையிலேதான் இடர்ப்பாடு தோன்றிற்று. சட்டத்தை வாசித்த நீதிபதி பொறுப்பு வேறு, காலம் வேறு எனப் பகுத்தறிவார். சமம் என்னும் சொல்லைச் செவிவழிக் கேட்ட பெற்றோரோ, வாரத்திற் பாதி தமக்குரித்து எனக் கருதினர். பிள்ளையின் நாள்கள் வயற்காணி போல எண்ணப்பட்டன. தாய் தந்தையர் தமக்குச் சட்டத்தில் இல்லாத ஓர் உரிமை இருப்பதாக நம்பி ஒப்பந்தம் செய்தனர். அஞ்சி இணங்கியோரும் உளர்.

நீதிமன்றுகளுந் தவறின என்பதற்கு உயர் நீதிமன்று 2010இல் தீர்த்த வழக்கொன்று சான்று. சிட்னியில் வாழ்ந்த ஒரு குடும்பம் தந்தையின் தொழில் நிமித்தம் குயீன்ஸ்லாந்தின் தொலைவிலுள்ள மவுண்ட் ஐசா என்னும் சுரங்க நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெற்றோர் பிரிந்தனர். மகளுடன் சிட்னிக்குத் திரும்பத் தாய் விரும்பினார். கீழ் நீதிமன்று இருவருக்குஞ் சமகாலம் விதித்தது. ஆகவே அவர் அந்நகரிலேயே தங்கவேண்டியவரானார். வேலை வாய்ப்புக் குறைவு; நல்ல வீடு கிடைப்பது அரிது; ஊர்திக் கூடுகள் நிறுத்தும் முகாமொன்றில் அவர் வாழ்ந்தார். சமகாலம் விரும்பத்தக்கதா என்று மட்டும் கேட்டாற் போதாது, அக்குடும்பத்தின் நிலைமையில் நடைமுறைக்கு ஒத்ததா என்றுங் கேட்டல் வேண்டும் எனக் கூறி உயர் நீதிமன்று அக்கட்டளையைத் தள்ளியது. ஏழு நாளைப் பாதியாக்குதல் எளிது. இரு வீடுகளையும் ஒரு பள்ளியையும் நடந்து செல்லும் தூரத்தில் அமைப்பது அத்துணை எளிதன்று.

வன்முறை பற்றிய குறை இன்னும் கடுமையானது. மற்றப் பெற்றோருடன் பிள்ளையின் உறவை வளர்க்க மனமுடையவரா என்பதை நீதிபதி நோக்கவேண்டுமென 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. நோக்கம் நன்றே. ஆயினும் அடிபட்ட தாய், உண்மையைக் கூறின் உறவைக் கெடுப்பவள் எனத் தன்மேற் பழி வருமோ என அஞ்சி வாய்மூட அது வழிவகுத்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதியை நீக்கியது. 2019இல் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழு குடும்பச் சட்டம் முழுவதையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2023இல் இயற்றப்பட்டு 2024 மே 6 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், சமப் பொறுப்பு ஊகத்தையும் சமகாலத்தை எண்ணும் கட்டாயத்தையும் ஒருங்கே நீக்கியது. பாதுகாப்பான இடத்து, நெடுங்காலப் பயனுடைய பெரிய விடயங்களில் இருவருங் கலந்து பேசவேண்டுமென்னும் கருத்து மட்டும் நிலைத்தது.

இதனாற் பகிர்ந்த பெற்றோர்மை தோல்வியுற்றது என முடிவு கட்டுவோர் அவசரப்படுகின்றனர். இரு வீட்டிலும் வளர்ந்து நலமாயிருக்கும் பிள்ளைகள் அந்நாட்டில் ஏராளம். தோற்றது, ஆராயுமுன் விடையைக் கூறிவைக்கும் சட்ட ஊகமே. இங்கிலாந்து 2014இல் பெற்றோர் இருவரின் ஈடுபாட்டையும் ஆதரித்து ஒரு விதியைச் சேர்த்தபோது, ஈடுபாடென்பது காலத்தை இன்ன அளவிற் பங்கிடுவதைக் குறியாதென அவ்விதியிலேயே எழுதிவைத்தமை அவுஸ்திரேலியக் குழப்பத்தை அறிந்தே போலும்.

நம் நாட்டுக்கு இவ்வனுபவம் எவ்வாறு பொருந்தும்? இலங்கையின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டம், மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையையே முதற் பாதுகாவலராகக் கொண்டது. தந்தையிடம் இருப்பின் பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ தீங்கு நேருமெனத் தாய் நிறுவவேண்டுமென்னும் தீர்ப்புகள் 1950களிலும் எழுந்தன. பின்னர் பிள்ளையின் நலன் முன்னுக்கு வந்தது; எனினும் அம்மாற்றம் நீதிபதிகளின் தீர்ப்புகளால் வந்ததேயன்றிப் பாராளுமன்றச் சட்டத்தால் வந்ததன்று. பொருளளிக்குங் கடமையையோ 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் பெற்றோர் இருவர்மீதும் வைத்தது. கடமையை இருவருக்கும் ஒப்ப வைத்த சட்டமன்று, முடிவு செய்யும் தகுதியையும் ஒப்ப வைத்து எழுதாதது வியப்பே. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும் பெற்றோர் இருவரின் பொதுப் பொறுப்பையும், பிரிக்கப்பட்ட பிள்ளை இருவருடனும் தொடர்பு பேணும் உரிமையையும் வற்புறுத்துகின்றது.

பிள்ளையுடன் வளர்ப்பதற்கான பொருளுஞ் செல்லவேண்டும் என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1707இல் எழுத்துருப்பெற்ற தேசவழமை, மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்ய, தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளை ஏற்பின், அவளது சீதனத்தையும் தேடியதேட்டத்திற் பாதியையும் அவர்களிடம் ஒப்படைக்குமாறு விதித்தது. அது மரணத்துக்கான விதி, பிரிவுக்கானதன்று. ஆயினும் வளர்ப்பவர் யார், எதனைக் கொண்டு வளர்ப்பர் என்னும் இரு வினாவையும் ஒருங்கே கேட்டது.

இன்று இங்கே சீர்திருத்தம் வரையப் புகுவோர், நாட்கணக்கில் தொடங்காமல், தாயும் தந்தையும் சமமான பாதுகாவலர் என்னும் ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குதல் தகும். அதன்பின் வரவேண்டியது வழக்குக்கு முன் பேச்சுவார்த்தைக்கு உரிய இடமும், வன்முறையுள்ள வீட்டை அப்பேச்சிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடுமாம். பெற்றோருள் ஒருவர் மத்திய கிழக்கிற் பணிபுரிய, மற்றவர் ஊரிற் பிள்ளையுடன் இருக்கும் குடும்பங்கள் இங்குப் பல. அத்தகைய குடும்பத்திற் பிரிவு நேரின், சமகாலம் என்னுஞ் சொல்லுக்குப் பொருளே இல்லை. பிள்ளை எப்பள்ளியிற் படிக்கவேண்டும் என்பதில் கடல்கடந்திருக்கும் தாயின் சொல்லும் ஏறவேண்டும் என்பதற்கோ பொருளுண்டு. அதனை நீதிமன்று கட்டளையாக எழுதவும் முடியும்.