ஈயக் குண்டும் அதன் மேற்பூச்சும்

புதுக்கடையென நாம் வழங்கும் இவ்விடத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஹல்ஸ்டோப் என்பதாகும். ஹுல்ப்டின் ஊர் என்பது அதன் பொருள். ஜெரார்ட் ஹுல்ப்ட் என்பார் ஒல்லாந்தப் படையின் தலைவராய்க் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட வந்தவர். முற்றுகை முடியுமுன்னரே, 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் திகதி, துவக்குக் குண்டொன்று பட்டு மாண்டவர். அவருக்குப்பின் ஒரு மாதம் கழிந்து, மே 12ஆந் திகதி போர்த்துக்கேயர் கோட்டையைக் கையளித்தனர். நீதிமன்றங்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் பேர்பெற்ற ஒரு பகுதி, சின்னஞ்சிறு உலோகத் துண்டொன்றினால் உயிர் நீத்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றதென்பதைப் பலர் அறியார். அவ்வுலோகத் துண்டைப் பற்றியும், அதன் மேனியிற் காலந்தோறும் பூசப்பட்டு வந்த பூச்சுக்களைப் பற்றியும் இம்மலரிற் சில சொல்ல விழைகின்றோம். பொருள் கொடிதாயினும், அதனுள் விஞ்ஞானமும் வரலாறும் ஒருங்கே பொதிந்து கிடத்தலின், மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

முதலில், குண்டுக்கு ஈயத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் யாது? ஈயம் நீரினும் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஆதலின் சிறிய உருவிலே மிகுந்த நிறை அடங்கும். காற்றின் தடையை அது எளிதில் வென்று செல்லும். அன்றியும், ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். இரும்பை உருக்க உலைக்களம் வேண்டும். ஈயத்தை உருக்கச் சாதாரண அடுப்பே போதும். ஆகவே முற்காலத்துப் போர்வீரர் பாசறையில் இருந்தவாறே அச்சிலே வார்த்துக்கொண்டனர். ஈயம் தனித்து மிக மென்மையாதலின், அதனைக் கடினமாக்க வெள்ளீயமும் அந்திமனியும் சேர்ப்பர்.

இவ்விடத்தில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஈயம், வெள்ளீயம், அந்திமனி என்னும் இம்மூன்றின் கலவையே அச்சுக்கூடத்து எழுத்துக்களுக்கும் உரிய உலோகமாகும். லைனோரைப் பொறியில் வழங்கிய கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பங்கு ஈயமும், 12 பங்கு அந்திமனியும், 4 பங்கு வெள்ளீயமும் இருந்தன. ஈய எழுத்துக் கோத்து அச்சிடும் முறை வழக்கொழிந்தபின், அமெரிக்காவில் வீட்டிற் குண்டு வார்ப்போர் அவ்வெழுத்துலோகத்தைத் தேடி வாங்கலாயினர். பழைய கல்லூரி மலர்களின் பக்கங்களைத் தாங்கி நின்ற அதே உலோகம், உருக்கி வேறோர் அச்சில் ஊற்றினால் குண்டாகின்றது. உலோகத்துக்கு நன்மை தீமை இல்லை. அச்சைச் செய்பவனுக்கே உண்டு.

இனி, ஈயக் குண்டின் குறையைக் காண்போம். பழைய துவக்குகளின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருந்தது. குண்டும் குழலினும் சிறிதாக இருந்தமையால், அது குழலுள் உருண்டும் மோதியும் வெளிச் சென்றது; குறி தவறியது. குழலின் உட்சுவரிலே சுருளாக ஓடும் சால்களை வெட்டினால், குண்டு பம்பரம்போற் சுழன்று நேரே செல்லும். இதுவே றைபிள் எனப்படும். ஆயின் குண்டு சுழலவேண்டுமாயின் சால்களை இறுகப் பற்றவேண்டும். இறுகப் பற்றினால் மெல்லிய ஈயம் உரசித் தேய்ந்து சால்களில் ஒட்டிக்கொள்ளும். பின்னிருந்து சீறிவரும் வெம்மையான வாயுவும் குண்டின் ஓரங்களை அரித்துக் குழலிற் படியச் செய்யும். இந்த ஈயப் படிவு சேரச் சேரக் குறி கெடும். குழலைத் துப்புரவு செய்தலும் பெருந் தொல்லையாகும். இதனைத் தடுக்கவே ஈயத்துக்கும் உருக்குக்கும் இடையில் ஏதாவதொன்றை வைக்கும் முயற்சி தோன்றிற்று. முதலிற் கொழுப்பும் மெழுகும், பின்னர் கடதாசி, அதன்பின் செம்பு, இப்பொழுது நிறத்தூள். குண்டின் வரலாற்றிற் பெரும்பகுதி இவ்விடையீட்டின் வரலாறேயாம்.

இவ்விடையீடு ஓர் இராச்சியத்தையே அசைத்த கதையை மாணவர் அறிவர். 1853ஆம் ஆண்டு அமைப்பான என்பீல்ட் றைபிளை இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கப் பிரித்தானியர் முற்பட்டனர். அதற்குரிய தோட்டா கடதாசியாற் செய்யப்பட்டது; அதனுள் வெடிமருந்தும் குண்டும் இருந்தன. குண்டு இருக்கும் முனையில் கொழுப்பும் தேன்மெழுகும் பூசப்பட்டிருந்தன. சிப்பாய் தோட்டாவின் மறுமுனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, கொழுப்புப் பூசிய முனையை உட்செலுத்தி, கோலால் இடிக்கவேண்டும். அக்கொழுப்பு எவ்விலங்கினது? இவ்வினா 1857ஆம் ஆண்டு சனவரியிற் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் இடத்தில் எழுந்தது. பசுவினது என்றால் இந்துவுக்கு ஆகாது. பன்றியினது என்றால் முசிலிமுக்கு ஆகாது. அதிகாரிகளால் உறுதியான மறுமொழி கூற முடியவில்லை. ஏனெனில் கொழுப்பை வாங்கியபோது அது எவ்விலங்கினது என்று அவர்கள் ஆராய்ந்திருக்கவில்லை.

சனவரி 27ஆந் திகதியே, சிப்பாய்கள் தாமே கடையில் வாங்கிய பொருளைப் பூசிக்கொள்ளலாம் என அரசாங்கம் இசைந்தது. பின்னர், பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் எனவும் பயிற்சி முறை மாற்றப்பட்டது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. உண்மை கூறவேண்டிய பொழுது கூறாதவர், பின்னர் கூறிய உண்மையையும் எவரும் நம்பவில்லை. பராக்பூரில் மார்ச்சு 29ஆந் திகதி மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். ஏப்பிரல் 8ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். மீரட்டில் ஏப்பிரல் 24ஆந் திகதி குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9ஆந் திகதி படையினர் அனைவர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் பற்றியெரிந்தது. கிளர்ச்சிக்கு நிலம், வரி, ஆட்சிக் கவர்வு முதலாய வேறு காரணங்களும் பலவுண்டு. எனினும் மூண்ட தீக்குப் பொறியாயமைந்தது ஒரு பூச்சேயாகும்.

அதன்பின் கடதாசித் தோட்டா மறைந்து உலோகத் தோட்டா வந்தது. 1882ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த எதுவார்ட் றூபின் என்பார் ஈயக் குண்டுக்குச் செம்பாற் சட்டை இட்டார். 1884இற் பிரான்சிலே புகையற்ற வெடிமருந்து உண்டாயிற்று. அம்மருந்து தந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காதாகையால், செம்புச் சட்டை இன்றியமையாததாயிற்று. இவ்வரலாற்றில் டம்டம் மீண்டுமொருமுறை தலைகாட்டுகின்றது. 1890களில் அவ்வூர்ப் படைக்கலச் சாலையில், சட்டையின் முனையைத் திறந்துவிட்டு, உடலிற் பட்டதும் விரிந்து பெரும்புண் செய்யும் குண்டு ஆக்கப்பட்டது. அவ்வகைக் குண்டுகளைப் போரில் வழங்கலாகாதென 1899ஆம் ஆண்டு ஹேக் நகர மாநாட்டிற் பிரகடனம் நிறைவேறிற்று. மேலுறை சிறிது மாறினும் குண்டின் இயல்பு முழுதும் மாறிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இனித் தற்காலத்துக்கு வருவோம். அமெரிக்கா முதலிய நாடுகளிலே, சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதுகளை எடுத்து, புதிய வெடிமூட்டியும் மருந்தும் குண்டும் இட்டு மீள நிரப்பிக்கொள்ளும் பழக்கம் விளையாட்டு வீரரிடையே உண்டு. அவர்களுட் சிலர் குண்டையும் தாமே வார்க்கின்றனர். கைத்துப்பாக்கிக் குண்டு, றைபிள் குண்டினும் மெதுவாகச் செல்வதால், செம்புச் சட்டை இல்லாமலே ஈயம் அங்கு பயன்படும். முன்னர் அதற்கு மெழுகும் கொழுப்பும் பூசினர். அவை புகை கக்கின, கையில் ஒட்டின. ஏறத்தாழ 2010இற்குப் பின், தூட்பூச்சு அவற்றின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது.

தூட்பூச்சு புதிதன்று. செருமனியரான எர்வின் ஜெம்மர் 1950களின் தொடக்கத்தில் இதற்கு வழிகாட்டினார். 1960களில் மின்னேற்றித் தெளிக்கும் முறை பரவிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழும் மாடிவீடுகளின் அலுமினியச் சாளரச் சட்டங்களைப் பாருங்கள். அவற்றின் வெண்மையும் கபில நிறமும் பெரும்பாலும் இப்பூச்சினால் வந்தவையே. கடைக்காரர் ‘பவுடர் கோட்டிங்’ என்பது இதனையே.

இதன் தத்துவம் எமது பௌதிக ஆய்வுகூடத்தில் எல்லோரும் கண்டதே. எபனைற்றுக் கோலைக் கம்பளியில் தேய்த்தால் அது கடதாசித் துண்டுகளை இழுக்கும். தொழிற்சாலையில் மின்பொறி கொண்டு தூளுக்கு ஏற்றம் ஊட்டுவர். புவியுடன் இணைத்த உலோகம் அத்தூளை இழுத்துக்கொள்ளும். வீட்டிற் குண்டு வார்ப்போருக்கு அப்பொறியும் வேண்டாம். பிளாத்திக்குப் பாத்திரத்தில் உலர்ந்த குண்டுகளையும் சிறிது தூளையும் இட்டுக் குலுக்க, உராய்வினாற் பிறந்த மின்னேற்றம் தூளைக் குண்டின் மேல் ஒட்டச் செய்யும். கடலையை மாவிற் புரட்டியெடுத்தாற் போலத் தோன்றும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஏற்றம் கசிந்து போவதால், தூள் நன்கு ஒட்டாது.

பின்னர் அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியசிற் சூடாக்குவர். தூள் முதலில் உருகிப் படர்கின்றது. அதன்பின் அதிலுள்ள பொலியெஸ்ரர்ப் பிசினும் இறுக்கியும் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோலாகி இறுகுகின்றன. அவித்த முட்டையை மீளச் சூடாக்கினால் அது நீராகுமா? ஆகாது. அதுபோலவே இப்பூச்சும் மறுபடி உருகாது. ஈயம் உருகும் நிலை 327 பாகையாதலாற் குண்டும் வடிவு குலையாது. இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள வெளியே இம்முறையை இயலச் செய்கின்றது. பூச்சு நன்கு பிடித்ததா என அறியக் குண்டொன்றைச் சுத்தியலால் நசுக்கிப் பார்ப்பர். ஈயம் தட்டையாகியும் பூச்சு உதிராதிருப்பின் நன்று. நல்ல பூச்சு குழலில் ஈயம் படிவதைத் தடுக்கும். மெழுகுப் புகையையும் நீக்கும்.

இவ்வளவில் ஒருவர், ‘மேனி மூடப்பட்டதன்றோ? இனி ஈயத்தால் இடரில்லை’ எனக் கூறலாம். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பூச்சு குண்டின் மேனியை மட்டுமே மூடுகின்றது. வார்க்கும்போது உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடும், அதனை வழிக்கும்போது பறக்கும் தூசும் மூடப்படுவதில்லை. வெடிமூட்டியிலும் பெரும்பாலும் ஈயச் சேர்வை உண்டு. சுடுந்தோறும் அது காற்றிற் கலக்கும். கை கழுவாது உண்பவர்க்கும், ஆடையிற் படிந்த தூசை வீட்டுக்குக் கொண்டு செல்பவர்க்கும் ஈயம் உடலுட் புகும். தீங்கற்ற அளவு என ஈயத்துக்கு ஒன்றும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஒரே அளவு ஈயத்தை உட்கொண்டாலும், சிறுவர் உடல் வளர்ந்தோரினும் நான்கைந்து மடங்கு மிகுதியாக அதனை ஏற்கும் எனவும் அந்நிறுவனம் கூறும். அது மூளையைத் தாக்கி அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இழந்ததை மீட்டல் அரிது. ஆதலின் சமையற்கட்டில் ஈயம் உருக்குவதும், உணவு சமைக்கும் அடுப்பிற் குண்டைச் சுடுவதும் பேதைமையின் எல்லையாகும்.

எமது நாட்டில் இக்கைவேலை விளையாட்டாகவும் ஆகாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் துவக்குக்கும் மருந்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. ‘கல்கட்டஸ்’ எனப்படும் நாட்டுத் துவக்கு வைத்திருந்தமைக்காகக் கூண்டில் ஏறியோரைப் புதுக்கடை நீதிமன்றங்கள் அறியும். காட்டோரங்களிற் கட்டுத்துவக்குப் பட்டுப் புண் புரையோடி மெல்ல மெல்ல மடியும் யானைகளை வனவிலங்கு வைத்தியர்கள் அறிவர். எனவே இத்தொழிலைக் கற்பிப்பது எமது நோக்கமன்று. அதனுள் இயங்கும் நியாயத்தைக் காட்டுவதே நோக்கம்.

அந்நியாயம் யாது? 1857இல் ‘இக்கொழுப்பு எதனுடையது?’ என்று சிப்பாய் வினவினான்; மறுமொழி கூறவேண்டியவர் ஆராய்ந்து வைத்திருக்கவில்லை. இன்று அழகிய நிறத்தூள் பூசிய குண்டைக் கையில் எடுத்து, ‘உள்ளே இருப்பது யாது?’ என்று வினவ மறக்கின்றோம். குண்டுக்கு மட்டுமோ இது? விளையாட்டுப் பொருளின் வர்ணம், பாத்திரத்தின் மெருகு, கண்ணைக் கவரும் சொல் யாவற்றுக்கும் இவ்விரு வினாக்களும் பொருந்தும். பூச்சு எதனாலாயது? பூச்சின் கீழே இருப்பது எது? இவற்றைக் கேட்கும் துணிவை மாணவனுக்கு ஊட்டுவதும், கேட்டவனுக்கு அறிந்த உண்மையை மறையாது உரைப்பதுமே கல்வியின் கடன். இக்கல்லூரியின் ஆய்வுகூடத்தில் எபனைற்றுக் கோலைத் தேய்த்துக் கடதாசித் துண்டு பறப்பதைக் கண்டு மகிழ்ந்த நாம், அன்றே அவ்வினாக்களைக் கேட்கக் கற்றோம். இன்று அவ்விருக்கைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர் அவற்றை எம்மினும் உரத்துக் கேட்பாராக.