உள்மனத்தைத் தேடாத சட்டம்

1963இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மறுத்தது. அதை மறைக்கவும் இல்லை. தடுக்கச் சட்டம் கிடையாது. மக்கள் நான்கு மாதம் பேருந்துகளைப் புறக்கணித்த பிறகே நிர்வாகம் பணிந்தது. 1965இல் வந்த முதல் இனவுறவுச் சட்டமும் வேலைவாய்ப்பைத் தொடவில்லை. 1968இல் தொட்டது, ஆனால் பாதிக்கப்பட்டவர் தானே தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை 1976இல்தான் கிடைத்தது. அதற்குள் பாகுபாடு வாய்மூடக் கற்றுக்கொண்டது. நிறத்துக்காக மறுக்கிறோம் என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பார்? அவர் மனத்தில் இருப்பதை நிரூபி என்று தொழிலாளியிடம் கேட்கும் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை நான் மதிப்பது இதனால்தான். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று முடிவுசெய்யப் போதிய உண்மைகளைத் தொழிலாளி காட்டிவிட்டால், இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளிக்கு மாறுகிறது. துன்புறுத்தலிலும் நோக்கம் கட்டாயமில்லை. இனம் சார்ந்த பேச்சு ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்தாலே போதும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று தப்ப முடியாது. இது முதலாளியை முன்கூட்டியே குற்றவாளியாக்குகிறது, எதற்கெடுத்தாலும் புண்படுவோருக்கு இடம் கொடுக்கிறது என்பார்கள். அப்படியல்ல. முதல் சுமை இன்னமும் தொழிலாளியுடையதே. இனம் வேறு, நடத்திய விதமும் வேறு என்று காட்டினால் மட்டும் போதாது. மனம் புண்பட்டது நியாயம்தானா என்றும் தீர்ப்பாயம் சூழ்நிலையோடு பொருத்திப் பார்க்கும். நேர்காணல் குறிப்புகளும் சம்பளக் கணக்கும் முதலாளியின் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை வைத்துக் காரணம் சொல்லும்படி அவரைக் கேட்பது தண்டனை ஆகாது.