இயந்திரமும் தாளமும்

முல்லைப் பெரியாறு பாய்ந்து வளஞ்செய்யும் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் என்னும் ஊர் உளது. அவ்வூர்த் திருவிழா ஒன்றில், இளைஞர் ஒருவர் மடிக்கணினியை முன்வைத்து, ஒரு பாட்டு முடியுமுன்னரே அடுத்த பாட்டைத் தொடுத்து ஒலிக்கச் செய்துகொண்டிருந்தார். இத்தொழில் புரிவோரை இக்காலத்தார் 'டிஜே' என்பர். புதிய பாட்டுக்கள் பிசிறின்றி இணைந்தன. பழைய பாட்டொன்று வந்ததும் இரு தாளங்களும் முட்டிக்கொண்டன. ஆடிய சிறுவர்கள் கால் தடுமாறி நின்றனர். தாளத்தைக் கணிக்கும் மென்பொருள் பிழைபட்டது என்றார் அவ்விளைஞர். அஃது ஏன் பிழைபட்டது?

மாணவர்களே! பாட்டுக் கேட்கும்போது நாம் நம்மை அறியாமலே தொடையில் தட்டுகிறோம். மென்பொருளுக்குத் தொடையுமில்லை, கையுமில்லை. ஒலியை அஃது எண்களாகவே அறியும். ஆதலின், முதற்கண் ஒலி திடீரென்று எழும் இடங்களைத் தேடுகின்றது. உருமியிற் கோல் படும்போதும், மிருதங்கத்தில் விரல் வீழும்போதும் இவ்வெழுச்சி தோன்றும். பின்னர், எழுச்சிகளுக்கு இடையே அடிக்கடி மீண்டுவரும் இடைவெளி யாது எனத் துணிகின்றது. அஃது அரை விநாடியாயின், நிமிடத்திற்கு 120 தட்டு என்பது கணக்கு. மிருதங்கக்காரர் மேற்காலத்தில் வாசித்துவிட்டாலோ, 60 தட்டை 120 என மயங்குவதும் உண்டு.

இனி, வேகத்தைச் சரியாக அறிந்தாலும் இடர் தீராது. 120 தட்டுள்ள பாட்டை 120.1 எனக் கொண்டதாக வைத்துக்கொள்வோம். சிறு பிழைதானே என்று தோன்றும். ஐந்து நிமிடத்தில் 600 தட்டு விழவேண்டிய இடத்தில் 600.5 தட்டு என்றாகும். தட்டு விழவேண்டிய இடத்தில் வெற்றிடமும், வெற்றிடத்தில் தட்டும் வந்து நிற்கும்.

பழைய பாட்டுக்களில் இவ்விடர் பெரிது. உத்தமபாளையத்திற்கு அண்மையிலுள்ள பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் திரையிசைக்கு வந்தார். அக்காலப் பாட்டுக்கள் பல, வாத்தியக்காரர் ஒருங்கமர்ந்து வாசிக்கப் பதிவானவை. மனிதர் கை சற்றே விரையும், சற்றே தளரும். அதனைக் குறையென்று கூற என் மனம் ஒப்பவில்லை. அதுவே பாட்டின் உயிர்ப்பு. ஆயினும், சம இடைவெளியிற் கோடு கிழித்து அளக்கும் மென்பொருள் அங்கே தோற்றுப்போகும்.

இதற்கு ஒரு வழி கண்டனர். கற்களின்மேல் அடிவைத்து ஆற்றைக் கடப்பவன் என் செய்வான்? உறுதியான கல்லாகவும் இருத்தல் வேண்டும். தன் நடைக்கு ஒத்த தொலைவிலும் இருத்தல் வேண்டும். இரண்டையும் சீர்தூக்கி, அக்கரை வரை செல்லும் வழிகளுள் சிறந்ததைத் தேர்வான். அவ்வாறே, ஒலி எழுச்சியையும் இடைவெளியின் ஒழுங்கையும் ஒருசேர எண்ணித் தட்டு வரிசையைத் தேரும் முறையை டேனியல் எல்லிஸ் என்பார் 2007-இல் வெளியிட்டார்.

நம் இசைக்கு இதுவும் போதாது. நான்கு நான்காக எண்ணப் பழகிய மென்பொருள், ஏழு எண்ணும் மிசிர சாப்பிலும் ஐந்து எண்ணும் கண்ட சாப்பிலும் திகைக்கும். ஆதி தாளத்திலோ, தாளம் தொடங்கிய பின் அரை எண்ணிக்கை கழித்துப் பாட்டை எடுப்பதும் உண்டு. எடுப்பையே தொடக்கமென்று அது மயங்கும். பார்சிலோனா நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2011-இல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' என்னும் ஆராய்ச்சி, சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு இதனை ஆராய்ந்தது. ஆதி, ரூபகம், மிசிர சாப்பு, கண்ட சாப்பு ஆகிய நான்கிலும் அமைந்த 176 கருநாடக இசைப் பதிவுகளைத் திரட்டித் தட்டுக்களைக் குறித்தனர். அவை பதினாறு மணி நேரத்திற்கும் மேற்பட்டவை. கடிகார முள்போல் தாளச் சுழற்சியில் நாம் எவ்விடத்தில் நிற்கின்றோம், எவ்வேகத்திற் செல்கின்றோம் என இரண்டையும் ஒருங்கே கணிக்குமாறு மென்பொருளைப் பயிற்றினர்.

நம் இளைஞரிடம் அத்தகைய மென்பொருள் இல்லை. மறுநாள் அவர் அப்பழைய பாட்டைக் காதாற் கேட்டு, தட்டுக்களை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே திருத்தினார். நான்கு நிமிடப் பாட்டிற்கு முக்கால் மணி நேரம் சென்றது.