வாய்ப்புற்றும் இழையப் பாகுபாடும்

புற்றுநோய் என்னும் பெயர் செவியில் வீழ்ந்த அளவிலே, அதன் முடிவு ஒன்றே எனத் துணிவார் பலர். அப்பெயரோ தனியொரு நோயைக் குறிப்பதன்று. தோற்றத்தாலும் போக்காலும் வேறுபட்ட பல நோய்களின் தொகுதியையே குறிக்கும். அவற்றுள் ஒருவரைப் பற்றியது எவ்வகையது என்பதை நுணுக்குக்காட்டியின் கீழ் இழையத்தை ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

புகையிலை விளையும் யாழ்ப்பாணத்தில், அதனை வெற்றிலை பாக்குடன் சேர்த்து மெல்லும் வழக்கம் நெடுங்காலத்தது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்குங்கூட மனிதரிற் புற்றுநோயை விளைப்பன என, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தது. கன்னத்தின் உட்புறத்தே வெண்படலமோ ஆறாப் புண்ணோ தோன்றுமாயின், அஃது இன்னதெனக் கண்ணால் மட்டும் துணிதல் இயலாது. வைத்தியர் அவ்விடத்து இழையத்திற் சிறுதுண்டை வெட்டியெடுப்பர். அது மெழுகிற் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக்கப்பட்டு, சாயமூட்டி ஆராயப்படும்.

ஒழுங்கு குலைந்த கலங்கள் மேலணியின் அடிமென்றகட்டைக் கடவாதிருப்பின் அது புற்றன்று. புற்றாக மாறக்கூடிய நிலையே. அத்தகட்டை ஊடுருவிக் கீழிறங்கியிருப்பின் அது புற்றாகும். வாய்ப்புற்றுக்களிற் பெரும்பாலன செதின்மேலணிப் புற்றுக்களே. கலங்கள் தாயிழையத்தை எத்துணை ஒத்திருக்கின்றன என்பதைக் கொண்டு இவ்வினப் புற்றை நான்கு தரமாக வகுக்கும் முறையை, 1920 இல் உதட்டுப் புற்றை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் புறோடர்சு வெளியிட்டார். தாயிழையச் சாயல் குன்றக் குன்ற, நோயின் கொடுமை மிகும் என்பது அதன் சாரம்.

புறத்தோற்றம் ஏமாற்றுதலும் உண்டு. 1948 இல் அக்கர்மன் விவரித்த பாலுண்ணிவடிவப் புற்று, பூக்கோவா போற் பருத்து அச்சமூட்டும். எனினும் மெல்ல வளர்வது, நிணநீர்க்கணுக்களுக்கு அரிதாகவே பரவுவது. சிறு புண்ணொன்றோ, தாயிழையச் சாயல் சிறிதுமற்ற கொடிய புற்றாயிருத்தல் கூடும்.

ஆயினும் தரம் ஒன்றே விதியைத் தீர்மானிப்பதில்லை. புற்றின் பருமனும், கழுத்துக் கணுக்களிற் பரவிய அளவும் உடன்நோக்கப்படுவன. புற்று எத்துணை ஆழம் ஊடுருவியது என்பதும் 2017 இல் வெளியான பன்னாட்டுப் படிநிலை வகுப்பிற் சேர்க்கப்பட்டது. வகை சிகிச்சைக்கு வழிகாட்டும். படிநிலை பிழைக்கும் வாய்ப்பை உணர்த்தும்.

ஆகவே, இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டாது மறைப்பது பேதைமை. புற்றென்னும் பெயருக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவோர், எளிதில் தீரக்கூடிய நோயைத் தீராததாக்கிக் கொள்வர்.